பொய் மலையும் எவர்சில்வர் பாறையும்

(சிற்பம் பயிலும் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

சீனாவில் சுங் அரசர்கள் காலத்தில் மி ஃபூ என்று ஒருவர் இருந்தார். ஓவியர், எழுத்துக்கலை வல்லவர், அரசு அதிகாரியும்கூட. 1107-இல் இறந்தார். புதிதாக வேலைக்குப் போன ஊரில் விசித்திரமான ஒரு பாறையைப் பார்த்தாராம். உடனே அரசு உடுப்பையும் தொப்பியையும் கொண்டுவரச் சொல்லி, முறையாக அணிந்துகொண்டு, அந்தப் பாறையைக் கும்பிட்டு "அண்ணா" என்று அழைத்தாராம். சீன ஓவியர்கள் இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார்கள். இன்றைய சீனச் சிற்பத்தைப் பற்றிப் பேச வந்தவன் இந்தக் கதையில் தொடங்கக் காரணம் உண்டு. அந்தக் கும்பிடு புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

சூச்சோ நகரத்துக்குப் பக்கத்தில் தாய் ஏரி இருக்கிறது. அதில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீர் அரித்து அரித்து, பொந்தும் பொடவுமாக ஆக்கிவிடும். அப்படிப்பட்ட கல்லை எடுத்துவந்து தோட்டத்தில் நிறுத்துவார்கள். கல் மெலிந்திருக்க வேண்டும், மேலெல்லாம் சுருக்கம் விழுந்திருக்க வேண்டும், உள்ளே வழிகள் ஓட வேண்டும், துளை வழியே அந்தப் பக்கம் தெரிய வேண்டும். இவைதான் நல்ல கல்லுக்கு இலக்கணம். ஹுய்சுங் என்ற பேரரசருக்கு இந்தக் கற்கள் மேல் தீராத ஆசை. படகு படகாகத் தலைநகருக்கு வரவழைத்தார். வழியில் பாலங்களைக்கூட இடித்தார்கள். கடைசியில் எதிரிப்படை நகரத்தைச் சூழ்ந்தபோது, அந்தத் தோட்டத்துக் கற்களையே உடைத்து, கவண்பொறியில் வைத்து வீசினார்கள். 1127-இல் தலைநகரம் விழுந்தது.

இப்படிக் கற்களை அடுக்கித் தோட்டத்தில் எழுப்புவதற்குச் சீன மொழியில் 'ஜியாஷான்' என்று பெயர். அதாவது 'பொய் மலை'. கல் நிஜம்தான், ஆனால் அது மலைக்குப் பதிலாக நிற்கிறது. சரி, அந்தக் கல்லாவது முழுக்க இயற்கையா? அதுவும் இல்லை. உருவம் சரியாக அமையாத கல்லை உளியால் கொஞ்சம் திருத்தி, மறுபடி ஏரியில் போட்டுவிடும் வழக்கம் 12-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. உளி பட்ட தடத்தை அலை தேய்த்து அழித்துவிடும். சிற்பி பாதி வேலை செய்வார், மீதியைத் தண்ணீர் செய்யும். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. தன் கைத்தடம் மறையட்டும் என்று காத்திருக்கும் சிற்பியை நினைத்துப் பாருங்கள்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். சான் வாங் என்றொரு சிற்பி, 1962-இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். 1994-இல் அந்த நகரத்தில் பழைய கட்டடங்களை வேகவேகமாக இடித்துக்கொண்டிருந்தார்கள். பாதி இடிந்து நின்ற ஒரு கட்டடத்துக்குப் போய், இவர் அதைக் கழுவினார். ஓடுகளைத் துடைத்தார், சுவருக்கு வண்ணம் பூசினார். பிறகு கட்டடம் தரைமட்டமானது. சாகப் போகிறவரைக் குளிப்பாட்டித் துணி மாற்றிவிடுவது போன்ற காரியம் அது.

அடுத்த ஆண்டு பாறைகளில் கை வைத்தார். கண்ணாடியும் இரும்புமாக எழுந்த புதுக் கட்டடங்களின் முன்னால் பழைய கல்லை நிறுத்தினால் ஒட்டவே இல்லை. அதனால் அவர் செய்தது இது: உண்மையான பாறை ஒன்றை எடுத்தார். அதன் மேல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டை, நம் வீட்டு எவர்சில்வர் ரகம்தான், வைத்துச் சுத்தியலால் தட்டினார். ஒவ்வொரு மேடும் பள்ளமும் மடிப்பும் தகட்டில் பதியும் வரை தட்டல். பிறகு துண்டு துண்டாகக் கழற்றி, பற்றவைத்து, பற்றவைத்த தடம் தெரியாமல் ராவி, கண்ணாடி போல மெருகேற்றினார். தாய் ஏரியில் அலை செய்த வேலையை இங்கே மெருகுச் சக்கரம் செய்கிறது. பாறை போய்விட்டது. அதன் தோல் மட்டும் நிற்கிறது, உள்ளே வெற்றிடம்.

பழமையைக் கேலி செய்கிறார் என்று இதைச் சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பழைய கல்லின் முன் உட்கார்ந்தவர் அதற்குள் ஒரு மலையைக் கண்டார். இந்த எவர்சில்வர் பாறையின் முன் நிற்பவர் வானத்தையும், எதிரே இருக்கும் அடுக்குமாடியையும், நெளிந்து போன தன் முகத்தையும் காண்கிறார். நகரத்தில் வாழ்பவருக்கு வாய்த்த நிலக்காட்சி அதுதான். பார்க்கும் பழக்கம் பழையது, அந்தப் பழக்கம் பிழைத்துக்கொள்ள அவர் புதுப் பொருள் தேடிக் கொடுத்தார்.

இவர் ஒருவர் மட்டும் இல்லை. சுய் ஜியான்குவோ என்ற சிற்பி 1990-களின் தொடக்கத்தில் உருண்டைப் பாறைகளைக் கட்டட வேலைக் கம்பிகளால் வலை போட்டுப் பற்றவைத்து இறுக்கினார். அந்தக் கம்பிக்குள் கல் மூச்சு முட்டுவது போல இருக்கும். அப்புறம் ஷூ பிங் என்ற கலைஞர். பெய்ஜிங்கில் கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போனவர், தொழிலாளர்கள் வாழும் நிலையைப் பார்த்து அதிர்ந்துபோனார். அங்கே கிடந்த கழிவுகளிலிருந்தே இரண்டு பீனிக்ஸ் பறவைகளைச் செய்தார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 மீட்டர் நீளம், இரண்டும் சேர்ந்து 12 டன். இறகுக்கு மண்வெட்டி, கொண்டைக்குத் தொழிலாளர் போடும் தலைக்கவசம். 2014-இல் நியூயார்க்கில் ஒரு பேராலயத்தின் கூரைக்கடியில் அவை தொங்கின. சீனர்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் போற்றும் பறவைக்கு, பெயர் தெரியாத கூலிக்காரர் தலையில் இருந்த கவசமே கொண்டை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

மறுபடி சான் வாங்கிடம் வருகிறேன். கிழக்குக் கடலில் சாவில்லாதவர்கள் வாழும் தீவுகள் மிதக்கின்றன என்பது சீனர்களின் பழைய நம்பிக்கை. சீனாவின் முதல் பேரரசர் அவற்றைத் தேடக் கப்பலே அனுப்பினார். 2000-இல் சான் வாங் தன் எவர்சில்வர் பாறை ஒன்றைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு நாட்டின் கடல் எல்லை 12 கடல் மைல். அதைத் தாண்டி, யாருக்கும் சொந்தமில்லாத நீரில் பாறையை இறக்கி விட்டார். உள்ளே வெற்றிடம் என்பதால் மிதந்தது. அதன் மேல் பல மொழிகளில் ஒரு வேண்டுகோளைப் பொறித்திருந்தார்: இதைக் கண்டெடுப்பவர் தயவுசெய்து திரும்பக் கடலிலேயே விட்டுவிடுங்கள்.