விடியுமுன் கரையில்

நேயர்களுக்கு வணக்கம்.

திருகோணமலைக்கு வடக்கே குச்சவெளி தாண்டிப் புல்மோட்டை வரையும், தெற்கே வெருகல் வரையும் சனநடமாட்டம் குறைந்த கரைகள் பல இருக்கின்றன. அங்கே நிலக்காட்சிப் படம் எடுக்கப் போகிறவருக்கு முதல் எதிரி நேரம். நமது நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாகவே எழுகிறது. கிழக்கு நன்றாக வெளுத்து இருபது நிமிடம் போல ஆனதும் சூரியன் வந்துவிடும், நிறங்களும் கலைந்துவிடும். ஆகவே உதயத்துக்கு முக்கால் மணி முன்பே முக்காலி மணலில் நிற்க வேண்டும். இடத்தை முதல்நாள் பின்னேரமே நடந்து பார்த்துவிடுங்கள். காட்டுப் பாதையென்றால் யானை நடமாட்டத்தை ஊரவரிடம் கேளுங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் இடத்தில், காட்சி எவ்வளவு அழகானாலும், ஓரடிகூட உள்ளே வைக்க வேண்டாம்.

ஏசி அறையிலிருந்து நேரே கரைக்குப் போனால் லென்ஸ் வியர்த்துவிடும். துடைத்தாலும் மறுபடி வியர்க்கும். கமராவைப் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளிக்காற்றில் வைத்துவிட்டு எடுங்கள்.

நமது கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. முக்காலியைச் சாய்ப்பது இடையிடையே வரும் பெரிய அலைதான். கமராவைப் பொருத்துமுன் பத்து நிமிடமாவது கடலைப் பாருங்கள். முக்காலிக் கால்களை மணலில் அசையாத அளவுக்கு ஆழமாக அழுத்துங்கள். மேலோட்டமாக வைத்தால் ஒவ்வொரு அலையும் காலடி மணலை அரித்துக்கொண்டு போகும், நீண்ட நேரம் ஒளியை வாங்கி எடுக்கும் படம் குழம்பிவிடும். பாரத்துக்காகப் பையைத் தொங்கவிடுவோர், அது நிலத்தைத் தொடும்படி தொங்கவிட வேண்டும். காற்றில் ஆடும் பை முக்காலியையே ஆட்டும்.

20 மில்லிமீற்றர் லென்ஸும் முழுச்சட்டக் கமராவும் (35 மில்லிமீற்றர் படச்சுருள் அளவு உணரி உள்ளது) என்றால், எஃப் 11இல் (எஃப் எண் கூடக்கூட லென்ஸின் துவாரம் சிறுக்கும்) ஒன்றேகால் மீற்றர் தூரத்தில் குவியம் வையுங்கள். முக்கால் மீற்றர் தொடக்கம் அடிவானம் வரை தெளிவாக விழும். எஃப் 22 வரை மூடினால் ஒளி விளிம்பில் சிதறி, படம் முழுவதும் மென்மையாகிவிடும். அலை நூல் நூலாக இழுபட அரைச் செக்கன் போதும். ஒளியைப் பத்து ஸ்டொப் குறைக்கும் வடிகட்டி போட்டால் (ஒரு ஸ்டொப் குறைந்தால் ஒளி பாதியாகும்) முப்பதில் ஒரு செக்கன் ஏறத்தாழ முப்பத்துநான்கு செக்கனாக நீளும், கடல் பனிபோலப் படியும். எனக்கு அரைச் செக்கன் படமே பிடிக்கும், அதில் அலை அலையாகவே இருக்கும்.

புல்மோட்டை மணலில் இல்மனைற்று என்ற கரிய கனிமம் கலந்திருக்கிறது. கரிய மணல் பெரும்பகுதியை அடைத்தால் கமரா இருட்டென்று கணித்து வானத்தை வெளுக்க வைக்கும். அதற்கு ஒரு ஸ்டொப் குறைத்து எடுங்கள். இன்னொன்று, அந்த மணலை வலுவான காந்தம் இழுக்கும். காந்தத்தால் ஒட்டும் வடிகட்டிகளை அங்கே மணலருகே கழற்றாதீர்கள். வளையத்தில் ஒட்டிய துணிக்கைகள் கண்ணாடியைக் கீறும்.

கடற்காற்றில் லென்ஸில் உப்புத் திவலை படியும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பளிங்கு கீறும். முதலில் ஊதுகுழலால் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் சற்று நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். வீடு திரும்பியதும் முக்காலியின் பூட்டுகளைத் திறந்து நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். ஈரம் காயாத லென்ஸை அலுமாரியில் பூட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். அது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால் பிறகு துடைத்துப் பயனில்லை. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள், ஜெல்லின் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடுங்கள்.