சோரெம்ப்: தூக்க ரிப்போர்ட்டில் வரும் அந்த எண்ணை எப்படிப் படிப்பது?

[திரையில்: ஒரு மாதிரி ரிப்போர்ட். "சோரெம்ப்: 2/5" என்ற வரி வட்டமிடப்படுகிறது.]

பகல்ல தாங்க முடியாத தூக்கம்னு ஸ்லீப் லேபுக்குப் போனவங்க கையில இருக்கிற ரிப்போர்ட் இது. சோரெம்ப், அஞ்சுக்கு ரெண்டு. உடனே கூகுள்ல தேடி, "எனக்கு நார்கோலெப்ஸி"ன்னு முடிவு கட்டிடுறாங்க. நார்கோலெப்ஸின்னா, மூளையால தூக்கத்தையும் விழிப்பையும் சரியாக் கட்டுப்படுத்த முடியாத நோய். அவசரப்படாதீங்க. சோரெம்ப்ங்கிறது நோயோட பேர் இல்ல, டெஸ்ட்ல பதிவான ஒரு நிகழ்வு, அவ்வளவுதான்.

ரெம்ங்கிறது கனவு அதிகமா வர்ற தூக்க நிலை. அதுல மூடின இமைக்குள்ள கண் விறுவிறுன்னு அசையும், தாடைத் தசை தளர்ந்துடும், மூளை அலை மட்டும் விழிச்சிருக்கிற மாதிரி ஓடும். 1953ல சிகாகோ பல்கலைக்கழகத்துல அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இதை விவரிச்சாங்க. பெரியவங்களுக்கு ராத்திரி தூங்கி ஏறக்குறைய 90 நிமிஷம் கழிச்சுதான் முதல் ரெம் வரும். 15 நிமிஷத்துக்குள்ளயே வந்துட்டா அதுதான் சோரெம்ப். பச்சைக் குழந்தைங்க நேரா இந்த மாதிரி தூக்கத்துக்குள்ளதான் போவாங்க. அவங்களை இந்தக் கணக்குல சேர்க்கக் கூடாது.

[திரையில்: காலை முதல் மாலை வரை ஐந்து கட்டில் படங்கள், இடையில் இரண்டு மணி நேர இடைவெளி.]

சோரெம்பை எண்ணுற டெஸ்ட் எம்எஸ்எல்டி, அதாவது பகல்ல பல தடவை தூங்க வெச்சு, தூக்கம் எவ்வளவு சீக்கிரம் வருதுன்னு அளக்கிறது. 1970கள்ல ஸ்டான்ஃபோர்டுல மேரி கார்ஸ்கடனும் வில்லியம் டிமென்ட்டும் உருவாக்கினது. முந்தின ராத்திரி லேப்லயே படுக்கணும், குறைஞ்சது 6 மணி நேரத் தூக்கம் பதிவாகணும். காலையில எழுந்து ஒன்றரை மணி நேரத்துல இருந்து மூணு மணி நேரத்துக்குள்ள முதல் குட்டித் தூக்கம். அப்புறம் ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணா மொத்தம் அஞ்சு. விளக்கை அணைச்சு 20 நிமிஷம் பார்ப்பாங்க. தூங்கலைன்னா அந்தச் சுற்று முடிஞ்சது. தூங்கிட்டா, அந்த நொடியில இருந்து இன்னும் 15 நிமிஷம் விட்டு, ரெம் வருதான்னு பார்ப்பாங்க. நடுவுல கட்டில்ல சாயக் கூடாது, காபி, டீ கிடையாது.

ரிப்போர்ட்ல ரெண்டு எண்ணைச் சேர்த்துப் படிக்கணும். ஒரு மாதிரிக் கணக்கு: அஞ்சு சுற்றுல தூக்கம் வர ஆன நேரம் 3, 5, 20, 6, 6 நிமிஷம். அந்த 20, தூங்கவே இல்லைன்னு அர்த்தம். கூட்டினா 40, சராசரி 8. சராசரி 8 நிமிஷம் அல்லது அதுக்கும் கீழ, கூடவே ரெண்டு சோரெம்பாவது இருந்தாதான் நார்கோலெப்ஸிக்கான அளவுகோல்ல வரும். முந்தின ராத்திரி தூங்கின 15 நிமிஷத்துல ரெம் வந்திருந்தா, அதையும் ஒண்ணா எண்ணிக்கலாம்.

இப்போ, அதிகமாத் தப்பு நடக்கிற இடத்துக்கு வருவோம்.

[திரையில்: மாத்திரை அட்டை, பக்கத்தில் காலண்டர்.]

மனச்சோர்வுக்குத் தர்ற பல மாத்திரைகள் ரெம்மை அமுக்கிடும். அதோட டெஸ்ட்டுக்குப் போனா, நோய் இருந்தும் சோரெம்ப் பூஜ்யம்னு வரலாம். சரின்னு டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி நிறுத்தினா அது இன்னும் மோசம்: அமுக்கி வெச்ச ரெம் பொங்கி எழுந்து, நோயே இல்லாதவருக்கும் சோரெம்ப் காட்டும். பொதுவா ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க. அந்த மாத்திரைகள்ல ஒண்ணான ஃபுளுவாக்ஸெடின் உடம்பை விட்டுப் போக அஞ்சு வாரம் வரைக்கும் ஆகும். எதை, எப்படிக் குறைக்கிறதுன்னு மருத்துவர்தான் சொல்லணும். நீங்களா நிறுத்தாதீங்க.

அடுத்தது தூக்கக் கடன். வாரம் முழுக்க அஞ்சு மணி நேரம் தூங்கிட்டு வர்றவர், நைட் ஷிப்ட் முடிச்சு வர்றவர், ராத்திரி 3 மணிக்குப் படுத்துப் பழகினவர், இவங்க எல்லாருக்கும் சோரெம்ப் வரலாம். ரெம்முக்குத் தோதான நேரம் விடியற்காலை. தாமதமாத் தூங்குறவருக்கு அது காலை 9 மணிக்கு நகர்ந்துடும். அதனால முதல் சுற்றுல மட்டும் சோரெம்ப் இருந்தா லேப்ல நாங்க அதைச் சந்தேகத்தோடதான் பார்ப்போம். டெஸ்ட்டுக்கு முன்னாடி ஒண்ணு, ரெண்டு வாரத் தூக்க டைரி கேட்கிறது இதுக்குத்தான். பல பேர் அதைக் கடைசி நாள் ராத்திரி உட்கார்ந்து மொத்தமா நிரப்பிட்டு வருவாங்க. அப்படி நிரப்பின டைரியால பிரயோஜனமே இல்ல. குறட்டையோட மூச்சுத் திணறல் இருந்தா, முதல்ல அதுக்குச் சிகிச்சை.

சிரிக்கும்போது முழங்கால் துவண்டு போறது, தாடை தொங்கிப் போறது மாதிரி கேட்டாப்ளெக்ஸி (உணர்ச்சி பொங்கும்போது தசை திடீர்னு தளர்ந்து போறது) இருக்கிறவங்களுக்கு முடிவு பெரும்பாலும் மாறாது. அது இல்லாதவங்களுக்கு, ரெண்டாவது தடவை டெஸ்ட் எடுத்தா எண்ணிக்கை மாறுறது சகஜம். ரிப்போர்ட்டை எடுத்துட்டுப் போகும்போது மூணு விஷயம் கேளுங்க: சோரெம்ப் எந்தெந்தச் சுற்றுல வந்தது, முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினதாப் பதிவாகியிருக்கு, அன்னைக்கு உடம்புல எந்த மருந்து இருந்தது.