கல்லும் கம்பியும்

நேயர்களுக்கு வணக்கம். தென் மாவட்டங்களில் சில ஊர்களில் சாவடி ஓரமாக உருண்டையாக ஒரு கல் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். இளவட்டக்கல். அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டவனுக்குத்தான் பெண் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கல்லிடம் எனக்கு ஒரே குறை, அதன் எடை மாறாது. தூக்கினால் வீரன், இல்லாவிட்டால் கேலி. நடுவில் படிக்கட்டு கிடையாது.

அந்தப் படிக்கட்டைத் தருவது பார்பெல், இரு முனையிலும் எடை வட்டு மாட்டும் நீளக் கம்பி. ஆண்களுக்கான போட்டிக் கம்பி வெறுமையாகவே 20 கிலோ, பெண்களுக்கு 15. இரு பக்கமும் ஒன்றேகால் கிலோ வட்டு மாட்டினால் இரண்டரை கிலோ கூடும். இவ்வளவுதானா என்று புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். வேலூர் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் இரண்டு வகைத் தூக்கலும் சேர்த்து மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். அந்த மாதிரி மேடையிலேயே அடுத்த முயற்சிக்கு ஒரு கிலோ கூட்டினால் போதும். ஆனால் ஜிம்மில் முதலில் காணாமல் போவது அந்தச் சின்ன வட்டுதான்! நான் ஒரு ஜோடியைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

என்னிடம் ஒரு அம்மா வந்தார், 58 வயது. கேஸ் சிலிண்டரை நகர்த்தக்கூட மகனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்றார். நிறைந்த சிலிண்டர் இரும்போடு சேர்த்து 30 கிலோ இருக்கும். அவருக்கு டெட்லிஃப்ட் சொல்லிக்கொடுத்தேன், தரையில் கிடக்கும் கம்பியைப் பிடித்துத் தூக்கி நிமிர்ந்து நிற்பது. போட்டி வட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். சின்ன வட்டு என்றால் கம்பி அதைவிடத் தாழ்ந்து, குனியும்போது முதுகு வளைந்துவிடும். அதனால் இரு பக்கமும் மரக்கட்டை கொடுத்து உயர்த்தினேன். ஷூ லேஸ் முடிச்சுக்கு நேர்மேலே கம்பி. வயிறு நிறைய மூச்சு. அப்புறம் காலால் தரையை அழுத்தி எழ வேண்டும், கம்பி காலை உரசியபடியே வர வேண்டும்.

"குடம் தூக்குறப்ப இதெல்லாம் யாரு சொன்னா தம்பி?" என்றார்.

"குடத்தை இடுப்போட அணைச்சுத்தானே தூக்கினீங்க. இதுவும் அதேதாம்மா."

கம்பி உடம்பைவிட்டு விலக விலக, அதே எடை இடுப்புக்குப் பல மடங்காகத் தெரியும். இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. 24 வயதில், பக்கத்தில் ஒருவர் பார்க்கிறார் என்பதற்காக ஒரே தாவலில் 20 கிலோ ஏற்றினேன். கம்பி முன்னால் போனது, முதுகு பிடித்துக்கொண்டது. பத்து நாள் செருப்பு மாட்டக்கூடக் குனிய முடியவில்லை. இன்று என் வேலையில் பாதி, "இன்னைக்குப் போதும்" என்று சொல்வதுதான்.

அந்த அம்மா இப்போது 40 கிலோவில் இருக்கிறார். சிலிண்டரைப் பற்றிப் பேசுவதே இல்லை. போன வாரம் வந்ததும் கணக்கு நோட்டை நீட்டி, "இன்னைக்கு எவ்வளவு?" என்றார்.

"அதே 40தான்."

முகம் சுருங்கியது. "ஏன்?"

"போன தடவை அஞ்சாவது தூக்குல கம்பி காலைவிட்டு விலகிடுச்சும்மா."

பதில் பேசாமல் போய் மரக்கட்டைகளை எடுத்துவைத்தார்.