தாலிக் கடையிலிருந்து பரங்கிமலை வரை: சிலுவையின் வடிவங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் கிறிஸ்தவத் தாலி கேட்டுப் போனவர்களுக்குத் தெரியும், கடைக்காரர் ஒரு தட்டையே எடுத்து முன்னால் வைப்பார். வெறும் சிலுவை, இயேசுவின் உருவம் உள்ள சிலுவை, மேலே புறா வைத்தது, நுனி மொட்டு மாதிரி விரிந்தது. மாப்பிள்ளை வீடு கத்தோலிக்கம், பெண் வீடு மெத்தடிஸ்ட், அதாவது புரோட்டஸ்டன்ட் என்றால் கடையிலேயே பேச்சு சூடாகிவிடும். "பாடுபட்ட சுரூபம் இல்லாமல் என்ன சிலுவை?" என்று ஓர் அத்தை கேட்பார். "அவர்தான் உயிர்த்தெழுந்துவிட்டாரே, இன்னும் எதற்கு அவரைத் தொங்கவிட வேண்டும்?" என்று அந்தப் பக்கத்துப் பெரியம்மா கேட்பார். என்னைக் கேட்டால் இரண்டு பேரும் சரி. சிலுவையைச் செய்தவர்கள் எதை முதலில் சொல்ல ஆசைப்பட்டார்களோ அதற்கேற்றபடிதான் அதன் வடிவம் அமைந்தது. இதை நான் இன்றைக்கு மறுபடியும் சொல்வேன்.

முதல் சில நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் சிலுவையை வெளியே அதிகம் காட்டவே இல்லை. மீனைப் போட்டார்கள், நங்கூரத்தைப் போட்டார்கள். ஏனென்றால் ரோமப் பேரரசில் சிலுவை என்பது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் கொடுக்கிற கேவலமான தண்டனை. ரோம் நகரத்தில் பலத்தீன் குன்றில் பழைய சுவர்க் கிறுக்கல் ஒன்று கிடைத்தது. சிலுவையில் கழுதைத் தலையோடு ஒரு மனிதன், பக்கத்தில் கையை உயர்த்தியபடி இன்னொருவன், கூடவே "அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்" என்று கிரேக்கத்தில் ஒரு வரி. யாரோ ஒரு கிறிஸ்தவரைக் கேலி செய்து கீறியது. இயேசு சிலுவையில் இருப்பதாக நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய படங்களில் இந்தக் கேலிப்படமும் ஒன்று, யோசித்துப் பாருங்கள்.

கி.பி. 312க்குப் பிறகு, ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் நிலைமை மாறுகிறது. அப்போதும் சிலுவையில் இயேசுவின் வேதனையைக் காட்டுகிற வழக்கம் உடனே வரவில்லை. ரோமில் சாந்தா சபீனா ஆலயத்தின் மரக்கதவு சுமார் 430இல் செய்தது, அதில் இயேசு கண்ணைத் திறந்தபடி கைகளை விரித்து நிற்கிறார், வென்றவர் நிற்கிற மாதிரி. கண் மூடி, தலை சாய்ந்து, இறந்த உடலாக அவரைக் காட்டுவது ஐரோப்பாவில் பிறகுதான் பரவியது. ஜெர்மனியில் கொலோன் பேராலயத்தில் பத்தாம் நூற்றாண்டு மரச்சிலுவை ஒன்று அப்படி இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் திருச்சபையில் சீர்திருத்தம் வந்து புரோட்டஸ்டன்ட் சபைகள் பிரிந்தபோது அவற்றில் பல உருவத்தை எடுத்துவிட்டன, லுத்தரன் சபைகள் பெரும்பாலும் எடுக்கவில்லை. ஆக, அத்தையும் பெரியம்மாவும் கடையில் பேசியது இந்த நீண்ட பேச்சின் ஒரு துண்டுதான்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். பரங்கிமலை. இங்கிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! இறங்கியதும் வேளாங்கண்ணிக்கு வேன் பிடிக்கிறார்கள், நல்லது, போகட்டும். ஆனால் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற அந்தக் குன்றை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை, அதில்தான் எனக்கு மனவருத்தம். 1547இல் போர்ச்சுகீசியர்கள் அங்கே கோயில் கட்டத் தோண்டியபோது ஒரு கருங்கல் கிடைத்தது, அதில் புடைப்பாகச் செதுக்கிய சிலுவை. அவர்கள் கொண்டு வந்த சிலுவை இல்லை, அவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அங்கே வழிபட்டவர்களுடையது. இன்றும் அந்தக் கோயிலின் பீடத்தில் இருக்கிறது.

கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். நடுவில் சிலுவை, உருவம் கிடையாது. நான்கு நுனியும் மொட்டு விரிவது போல இருக்கும். மேலிருந்து ஒரு புறா இறங்குகிறது. அடியில் இலைகள் இரண்டு பக்கமும் சுருண்டு எழுகின்றன, சிலுவை ஏதோ செடியிலிருந்து முளைத்தது போல. இரண்டு பக்கமும் தூண், தூண்மேல் மகரம் என்கிற முதலை மாதிரியான கற்பனை விலங்கு, மகரத்தின் வாயிலிருந்து வளைவு. சிராங்கூன் சாலையில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் சாமிக்குப் பின்னால் பார்க்கிறோமே மகரதோரணம், அதே மரபு! அந்த வளைவைச் சுற்றிப் பஹ்லவி எழுத்து, அதாவது பழைய பாரசீக எழுத்து. பாரசீகத் திருச்சபையோடு தொடர்புள்ளவர்கள் வழிபட்டது, நம் நாட்டுச் சிற்ப மரபில் வந்தது. கோட்டயத்திலும் இந்த வகைச் சிலுவை உண்டு. மரணத்தைக் காட்டாமல் துளிர்ப்பதைக் காட்டுகிற சிலுவை அது. அடுத்த முறை மாலையில் விமானம் இருந்தால் காலையில் மலையேறிவிட்டு வாருங்கள், பாட்டி தாத்தாவையும் கூட்டிப் போகலாம், மேலே வரை வண்டி போகும்.

நேரம் ஓடுகிறது, ஆனால் சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புனித ஆண்ட்ரூ பேராலயத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஆண்ட்ரூ என்பவர் இயேசுவின் சீடர் அந்திரேயாதான், அவருடைய சிலுவை பெருக்கல் குறி மாதிரி சாய்ந்தது, ஸ்காட்லாந்துக் கொடியில் பார்ப்பீர்கள். ஸ்காட்லாந்து வணிகர்கள் பணம் கொடுத்த கோயில் என்பதால் அந்தப் பெயர். இப்போது நிற்கிற கட்டடம் 1862இல் அர்ச்சிக்கப்பட்டது, கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். சுவரின் பூச்சு மெட்ராஸ் சுண்ணாம்பு, கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரும் சேர்த்தது. நம் ஊர்க் கொத்தனார் கைப்பக்குவம் அங்கே இருக்கிறது, அந்த வெள்ளைச் சுவரைப் பார்க்கும்போது அந்தக் கைதிகளையும் நினையுங்கள். உள்ளே பிரசங்க மேடைத் தூணில் ஆணிகளால் செய்த ஒரு சிலுவையையும் பாருங்கள். 1940 நவம்பரில் குண்டுவீச்சில் இடிந்த இங்கிலாந்தின் கோவென்ட்ரி பேராலயத்து ஆணிகள் அவை.

அறிவிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாத்தானின் அடையாளம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற தலைகீழ்ச் சிலுவைப் படத்தைப் பற்றி ஒரே ஒரு வரி: ஆண்டவரைப் போலச் சாகத் தனக்குத் தகுதியில்லை என்று பேதுரு தலைகீழாக அறையப்படக் கேட்டதாகத் திருச்சபை மரபு சொல்கிறது, அதனால் அது அவருடைய அடையாளம், பார்த்தவுடன் பயந்து பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டாம். அப்புறம் ஆர்மீனியர்கள். சிங்கப்பூரின் மிகப் பழைய தேவாலயம் ஹில் ஸ்திரீட்டில் அவர்கள் 1835இல் கட்டியதுதான். அவர்கள் நாட்டில் கல்லில் சரிகை நெய்த மாதிரி செதுக்குகிற சிலுவைக்குக் கச்ச்கார் என்று பெயர், அந்தக் கலையை 2010இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அதிலும் சிலுவையின் அடியில் பெரும்பாலும் இலை துளிர்த்திருக்கும், பரங்கிமலையில் சொன்னேனே, அதே போல. அயர்லாந்தின் வளையச் சிலுவை, எத்தியோப்பியப் பின்னல் சிலுவை இரண்டுக்கும் இன்று நேரமில்லை. கேட்டிருந்த எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.