புது டிஸ்க் வாங்குறதுக்கு முன்னாடி அட்டையோட பின்பக்கத்தைப் படிங்க

[திரையில்: கறுப்பு உறையில் 4கே டிஸ்க், நீல உறையில் ப்ளூரே. இரண்டும் மேசை மேல்.]

வணக்கம். அமெரிக்காவுல புதுசா வர்ற பட டிஸ்க்குகள், அதாவது தரத்துல மேலயிருந்து கீழ 4கே, ப்ளூரே, டிவிடி எல்லாம் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைதான் கடைக்கு வரும். பிரிட்டன்ல திங்கட்கிழமை. இந்த வாரப் பட்டியல்ல நீங்க ரொம்ப நாளா காத்திருந்த படமோ தொடரோ இருக்குன்னு வைங்க. ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி அட்டையோட பின்பக்கப் படத்தைப் பெருசாக்கிப் பாருங்க. அந்த டிஸ்க் உங்க வீட்டுல ஓடுமா, ஓடினா எந்தத் தரத்துல ஓடும்னு அங்க பொடி எழுத்துல போட்டிருக்கும்.

முதல்ல ரீஜன், அதாவது டிஸ்க்கும் பிளேயரும் ஒரே பகுதிக்கானதா இருந்தாத்தான் ஓடும்கிற பூட்டு. ப்ளூரேவுக்காக உலகத்தை மூணாப் பிரிச்சிருக்காங்க. அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ஏ. ஐரோப்பா, ஆஸ்திரேலியா, வளைகுடா நாடுகள் பி. இந்தியா, இலங்கை, சீனா, ரஷ்யா சி. அதாவது சென்னையில வாங்கின பிளேயர் சி. லண்டன்ல இருந்து அண்ணன் அனுப்புற டிஸ்க் பி. சிங்கப்பூர் சித்தப்பா வாங்கிட்டு வர்றது ஏ. ஒரே குடும்பத்துக்குள்ள மூணு பூட்டு. டிவிடிக்குக் கணக்கே வேற: அமெரிக்கா 1, பிரிட்டன் 2, சிங்கப்பூர் 3, ஆஸ்திரேலியா 4, இந்தியா 5.

பெரிய ஸ்டுடியோக்கள் நிறைய ப்ளூரேவைப் பூட்டு போடாமலே விடுறாங்க. பழைய படங்களைச் சீர்படுத்தி வெளியிடுற சின்ன நிறுவனங்கள்தான் பூட்டுறாங்க. அவங்களுக்கு ஒரு நாட்டுக்கான உரிமை மட்டும்தான் கையில இருக்கும்கிறதால அதுல தப்பு சொல்ல முடியாது. ஆனா நம்ம பிளேயர்ல "இந்த ரீஜன்ல ஓடாது"ன்னு வந்து நிக்கும்.

4கே டிஸ்க்குக்கு இந்தப் பூட்டு இல்ல. அங்கதான் பலர் ஏமாறுறாங்க.

[திரையில்: உறையைத் திறக்கிறோம். உள்ளே இரண்டு டிஸ்க்.]

அமெரிக்க க்ரைடீரியன் நிறுவனத்தோட 4கே வெளியீட்டை எடுத்துக்குவோம். உறைக்குள்ள பொதுவா ரெண்டு வகை டிஸ்க் இருக்கும். 4கே டிஸ்க்ல படம் மட்டும். கூட வர்ற ப்ளூரேவுல படமும் இருக்கும். இயக்குநர் பேட்டி, படம் உருவான விதம், சீரமைப்புக் குறிப்பு மாதிரி கூடுதல் விஷயங்களும் இருக்கும். அந்த ப்ளூரே ஏ ரீஜன். சி ரீஜன் 4கே பிளேயர் வெச்சிருக்கிறவங்க படத்தை அருமையாப் பாக்கலாம், ஆனா அந்தக் கூடுதல் விஷயங்களைத் திறக்கவே முடியாது. அதுக்காகவே காசு கொடுக்கிறவங்க, எல்லா ரீஜனும் ஓடுற பிளேயர் இல்லாம இதை வாங்காதீங்க. அந்த மாதிரி பிளேயரை வெளிநாட்டுல வாங்கினா, பின்னாடி 100–240 வோல்ட்னு இருக்கான்னு பாத்துக்குங்க. 120 மட்டும் போட்டிருந்தா நம்ம 230 வோல்ட் லைன்ல நேரடியாச் சொருகக் கூடாது.

அடுத்து தரம். ஸ்ட்ரீமிங்ல 4கேன்னு வர்றது பெரும்பாலும் நொடிக்கு 15-லிருந்து 25 மெகாபிட் தகவல். இது கூடக்கூடப் படம் தெளிவா இருக்கும். ப்ளூரேவுல படத்துக்கு மட்டும் 40 வரைக்கும் போகலாம். 100 ஜிபி 4கே டிஸ்க்ல மொத்தமா 128 வரைக்கும் இடம் இருக்கு. இந்த வித்தியாசம் சாதாரணக் காட்சியில கண்ணுக்குத் தெரியாது. மழை, புகை, கடல் அலை, இருட்டு அறை வரும்போது பாருங்க. ஸ்ட்ரீமிங்ல இருட்டு திட்டுத்திட்டா உடையும். டிஸ்க்ல அது வழுவழுன்னு இறங்கும்.

ஆனா 4கேன்னு அட்டையில போட்டதெல்லாம் 4கேவுல முடிச்ச படம் இல்ல. 2000-க்கு அப்புறம் வந்த நிறைய படங்களை 2கேவுல, அதாவது அதைவிடக் குறைஞ்ச தரத்துல முடிச்சு, பிறகு பெருசாக்கியிருக்காங்க. அதுக்கு முன்னாடி 35 மிமீ ஃபிலிம்ல எடுத்த படத்தோட நெகட்டிவை இப்போ 4கேவுல ஸ்கேன் பண்ணினா, அதுல நிஜமாவே கூடுதல் விவரம் கிடைக்கும். அதனால "ஒரிஜினல் நெகட்டிவிலிருந்து புதிய 4கே ஸ்கேன்"னு எழுதியிருக்கிற பழைய படத்துக்குத்தான் முதல்ல செலவு பண்ணலாம்.

எச்டிஆர், அதாவது வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் விரிவாக் காட்டுற வசதி. அந்த விஷயத்துல தப்பு பெரும்பாலும் டிவி செட்டிங்லதான். பல டிவியில எச்டிஎம்ஐ போர்ட்டை "என்ஹான்ஸ்டு" இல்லேன்னா "டீப் கலர்"னு மாத்தினாத்தான் முழு சிக்னலும் உள்ள வரும். மாத்தலேன்னா படம் ஓடும், எச்டிஆர் வராது. கேபிள் நொடிக்கு 18 கிகாபிட் தாங்கணும். டிஸ்க் டிரைவ் இருக்கிற பிளேஸ்டேஷன் 5 வெச்சிருந்தீங்கன்னா அதுல 4கே டிஸ்க் ஓடும், ஆனா டால்பி விஷன்கிற மேம்பட்ட எச்டிஆர் கிடைக்காது, அடிப்படை வகையான எச்டிஆர்10-தான்.

[திரையில்: ஒரு சீசன் பெட்டி. 10 எபிசோடு, 2 டிஸ்க்.]

டிவி தொடருக்கு வருவோம். இங்க டிஸ்க் எண்ணிக்கையைத்தான் முதல்ல பாக்கணும். 50 நிமிஷ எபிசோடு 10, மொத்தம் 500 நிமிஷம், அதாவது 30,000 நொடி. 50 ஜிபி டிஸ்க் மூணுல அடக்கினா ஒலியும் சேத்து நொடிக்குச் சராசரி 40 மெகாபிட் வரும். ரெண்டுல அடக்கினா 27. அதே ரெண்டும் 25 ஜிபி டிஸ்க்கா இருந்தா 13-தான். அப்போ ஸ்ட்ரீமிங்ல இருந்து பெரிய வித்தியாசம் இருக்காது.

"இந்தத் தொடர் ஏன் இன்னும் டிவிடியில மட்டும் இருக்கு?"ன்னு நிறைய பேர் கேக்குறாங்க. 80, 90-கள்ல பல அமெரிக்கத் தொடர்களை 35 மிமீ ஃபிலிம்ல எடுத்து, எடிட்டிங்கையும் கிராஃபிக்ஸையும் வீடியோ டேப்ல பண்ணினாங்க. ஆக முடிஞ்ச எபிசோடு இருக்கிறது டேப்லதான், அதுல எச்டி தரம் கிடையாது. எச்டி வேணும்னா நெகட்டிவைத் தேடி எடுத்து, மறுபடி ஸ்கேன் பண்ணி, மறுபடி எடிட் பண்ணி, கிராஃபிக்ஸையும் மறுபடி சேக்கணும். 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடருக்கு அந்த முழு வேலையும் பண்ணி 2012–2014-ல ப்ளூரே விட்டாங்க. அதுக்கு அடுத்து வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடருக்கு அது நடக்கல. அதனால அது டிவிடியோட நின்னுடுச்சு.

பிரிட்டிஷ் தொடர்கள் சிலது 50 ஹெர்ட்ஸ்ல, அதாவது நொடிக்கு 50 தடவை படம் புதுப்பிக்கிற முறையில வரும். இந்திய டிவிகளுக்கு அது பிரச்சினை இல்ல. அமெரிக்காவுல இருக்கிற சொந்தக்காரங்களுக்குப் பரிசா அனுப்புறதா இருந்தா யோசிங்க. அங்க பல பிளேயர், டிவிகள் அதை எடுத்துக்காது. டிஸ்க்கோட வர்ற டிஜிட்டல் கோடும் (இணையத்துல அதே படத்தைத் திறக்கிற குறியீடு) பெரும்பாலும் அமெரிக்கக் கணக்குக்குத்தான் வேலை செய்யும், அதை விலையில கணக்கு வைக்காதீங்க.

அட்மோஸ், அதாவது தலைக்கு மேலயிருந்தும் ஒலி வர்ற டால்பி முறை, வரலேன்னு புகார் சொல்றவங்க பிளேயர் மெனுவுல ரெண்டு இடம் பாருங்க. ஒலி வெளியீடு "பிட்ஸ்ட்ரீம்"ல இருக்கணும். "செகண்டரி ஆடியோ" அல்லது "பிடி ஆடியோ மிக்ஸ்" ஆஃப்ல இருக்கணும். ஆன்ல இருந்தா பிளேயரே ஒலியைப் பிரிச்சுக் கலந்துடும். அட்மோஸ் தகவல் அங்கேயே போயிடும். டிவி வழியா சவுண்ட்பாருக்குப் போனா டிவியிலிருந்து ஒலியை வெளிய அனுப்புற எச்டிஎம்ஐ வசதியில சாதா ஆர்க் போதாது, இ-ஆர்க் வேணும். இல்லேன்னா பிளேயரை நேரா சவுண்ட்பார்லயே சொருகிடுங்க.

[திரையில்: டிஸ்க்கின் அடிப்பக்கம், விளக்கு வெளிச்சத்தில்.]

பார்சல் வந்ததும் உறையைக் குலுக்கிப் பாருங்க. உள்ள லொடலொடன்னா டிஸ்க் கழண்டு உரசியிருக்கு. டிவிடியில தகவல் 0.6 மிமீ ஆழத்துல இருக்கு, ப்ளூரேவுல வெறும் 0.1 மிமீ. அதனாலதான் ஒரு கைரேகைகூட 4கே டிஸ்க்கை நிறுத்திடும். மைக்ரோஃபைபர் துணியால நடுவுல இருந்து விளிம்புக்கு நேர்கோட்டுல துடைங்க. சுத்திச் சுத்தித் துடைச்சா, கீறல் விழும்போது அது தடத்தோட நீளத்துக்கே விழும். பிளேயரால திருத்திப் படிக்க முடியாது.

100 ஜிபி டிஸ்க்ல மூணு அடுக்கு. அடுக்கு மாறுற இடத்துல படம் உறையுறது வழக்கமா வர்ற பழுது. அதனால திருப்பி அனுப்புற கெடு முடியுறதுக்குள்ள படத்தை முழுசா ஒரு தடவை ஓட்டிடுங்க. நின்னா, நின்ன நிமிஷத்தையும் நொடியையும் குறிச்சுக்குங்க. துடைச்சு, பிளேயர் சாஃப்ட்வேரை அப்டேட் பண்ணி, மறுபடி ஓட்டுங்க. அதே நொடியில வேற பிளேயர்லயும் நின்னா பழுது டிஸ்க்ல. மாத்திக் கேட்டுக் கடைக்கு எழுதும்போது அந்த நேரத்தையும் ரெண்டு பிளேயரோட மாடல் எண்ணையும் முதல் வரியிலயே போட்டுடுங்க.