ஞாயிறு தேவாலயம், திங்கள் பள்ளிக்கூடம்

நேயர்களுக்கு வணக்கம்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் தெற்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். தேவாலயம் ஒன்றின் கூடத்தில் அது நடந்தது. வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள், ஆசிரியர்கள் போக மாட்டார்கள். மேசை நாற்காலிகளை மடித்து ஓரம் கட்ட வேண்டும், சுவரில் ஒட்டிய படங்களைக் கழற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அது வழிபாட்டுக் கூடம். திங்கள் விடியற்காலையில் மறுபடி பள்ளிக்கூடம். அங்கே சில மாதங்கள் கணக்குப் பார்க்க உதவியாக இருந்தேன். செலவுப் பட்டியலில் ஆசிரியர் சம்பளத்துக்கு அடுத்த இடத்தில் இருந்தது வாடகை. அந்த வாடகைக்கு அரசு தரும் உதவியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அது ஒரு சார்ட்டர் பள்ளி. நம் ஊர் அரசு உதவி பெறும் பள்ளியை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். பிள்ளைகளிடம் கட்டணம் இல்லை, தலைக்கு இவ்வளவு என்று அரசுப் பணம் வரும், நடத்துவது மட்டும் தனி நிர்வாகம். நம் ஊரில் நிர்வாகத்திடம் பெரும்பாலும் ஏதாவது ஒரு கட்டடம் இருக்கும், அங்கே அதுதான் இருக்காது. அமெரிக்காவில் முதன்முதலில் இதற்குச் சட்டம் போட்டது மின்னசோட்டா மாநிலம், 1991இல். அடுத்த வருடமே கலிஃபோர்னியாவும் போட்டது.

வழக்கமான அரசுப் பள்ளிக்குக் கட்டடம் எப்படி வருகிறது? அந்தப் பகுதியின் பள்ளி மாவட்டம், அதாவது அங்குள்ள அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு, ‘கடன் பத்திரம் வெளியிடலாமா’ என்று மக்களிடம் வாக்குக் கேட்கும். மக்கள் சரி என்றால் பணம் திரட்டிக் கட்டும், சொத்து வரியிலிருந்து கடனை அடைக்கும். சார்ட்டர் பள்ளிக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. அதனால் பாடம் நடத்த வருகிற பணத்திலேயே கை வைத்து வாடகை கட்டியாக வேண்டும். மூடிப்போன கடை, கிடங்கு, தேவாலயக் கூடம், எது கிடைத்தாலும் சரிதான். இப்படி எந்தக் கட்டடத்திலும் நடத்த முடிவதற்கு ஒரு காரணம் உண்டு. 1933இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச் நிலநடுக்கத்தில் பள்ளிக் கட்டடங்கள் பல இடிந்து விழுந்தன. அதற்கு ஒரு மாதத்தில் வந்த ஃபீல்டு சட்டம், அரசுப் பள்ளிக் கட்டடங்களுக்குக் கடுமையான தனி விதிகளைக் கொண்டுவந்தது. சார்ட்டர் பள்ளிகளுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. பொதுவான கட்டட விதி போதும். இது சலுகையா, குறையா என்று எனக்கு இன்னும் தீர்மானம் இல்லை.

2000ஆம் ஆண்டு நவம்பரில் 39ஆம் முன்மொழிவு என்ற ஒன்றைக் கலிஃபோர்னிய வாக்காளர்கள் நிறைவேற்றினார்கள். பள்ளிக் கடன் பத்திரத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்றிருந்ததை 55 சதவீதமாகக் குறைத்தது அது. கூடவே, சார்ட்டர் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய சமமான இடத்தைப் பள்ளி மாவட்டம் தர வேண்டும் என்றது. காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. நடைமுறையில் ஒரே வளாகத்தில் இரண்டு பள்ளிகள், ஒரே விளையாட்டுத் திடல், ஒரே சாப்பாட்டுக் கூடம். கூட்டுக்குடும்பத்தில் அடுப்படியைப் பங்கு போட்ட கதைதான். லாஸ் ஏஞ்சலஸில் அந்தச் சண்டை நீதிமன்றப் படிகளில் பலமுறை ஏறி இறங்கியது.

இந்தச் சிக்கலுக்கு நடுவில்தான், 2001இல், எஸ்.பி. 740 (மாநில செனட் மசோதா 740) என்ற சட்டம் கலிஃபோர்னியாவில் வந்தது. ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் சார்ட்டர் பள்ளிகளின் வாடகையில் ஒரு பங்கை மாநில அரசு கொடுக்கும். வாடகையில் 75 சதவீதம் வரை என்பது ஒரு வரம்பு. தலைக்கு இவ்வளவுதான் என்பது இன்னொரு வரம்பு. அது வெகுகாலம் 750 டாலராக இருந்து, 2017-18இல் 1,117 டாலர் ஆனது. அதன் பிறகு விலைவாசிக்கு ஏற்ப நகர்கிறது. இரண்டில் எது குறைவோ அதுதான் கைக்கு வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 பிள்ளைகள், வருட வாடகை 6 லட்சம் டாலர் என்று வையுங்கள். முக்கால் பங்கு என்றால் நாலரை லட்சம். ஆனால் தலைக்கு 1,117 என்றால் 3,35,100தான் வரும். மீதி 2,64,900 டாலரை பாடம் நடத்தும் பணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். இதிலும் 300 என்பது பதிவேட்டில் உள்ள பெயர்கள் அல்ல, சராசரி தினசரி வருகை. காய்ச்சல் பரவினால் வாடகை உதவியும் படுத்துவிடும். வீட்டுக்காரருக்கு இந்தக் காய்ச்சலெல்லாம் கணக்கில்லை.

பள்ளியில் ஏழைப் பிள்ளைகள் அதிகம் என்று எப்படிக் காட்டுவது? மதிய உணவைக் கொண்டுதான். இலவச அல்லது சலுகை விலை உணவுக்குத் தகுதியான பிள்ளைகள் 55 சதவீதமாவது இருக்க வேண்டும். முன்பு 70 சதவீதம் கேட்டார்கள். அது இல்லையென்றால், அப்படிப்பட்ட அரசுத் தொடக்கப்பள்ளியின் எல்லைக்குள் சார்ட்டர் பள்ளி இருந்து, அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குச் சேர்க்கையில் முன்னுரிமை தர வேண்டும். 2022-23 கல்வியாண்டிலிருந்து கலிஃபோர்னியா எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவை இலவசமாக்கிவிட்டது. நல்ல காரியம். அதில் ஒரு சங்கடமும் வந்தது. முன்பு சாப்பாட்டுக்காகப் பெற்றோர் வருமானப் படிவத்தை நிரப்பித் தருவார்கள். இப்போது தட்டு தானாக வருகிறது, பிறகு படிவம் எதற்கு? குடியேற்றப் பத்திரம் சரியில்லாத குடும்பங்களுக்கு அரசாங்கத் தாளில் வருமானத்தை எழுதவே பயம். அந்தப் படிவங்கள் குறைந்தால் சதவீதம் குறையும், சதவீதம் குறைந்தால் வாடகை உதவி கேள்விக்குறி. ஒரு சாப்பாட்டுப் படிவத்தில் ஒரு கட்டடமே தொங்குகிறது என்று பெற்றோருக்கு எப்படிப் புரியவைப்பது?

நான் இந்த உதவியின் பக்கம்தான் நிற்கிறேன். ஏழைப் பகுதியில் வாடகை மலிவு என்று நினைக்காதீர்கள், லாஸ் ஏஞ்சலஸில் அப்படி ஒரு மூலை கிடையாது. ஆனாலும் ஒரு விஷயம் எனக்கு உறுத்தல். இருபது வருடம் வாடகை கட்டினாலும் பள்ளி கையில் ஒரு செங்கல் மிஞ்சாது, பொதுப்பணம் முழுக்கக் கட்டடக்காரருடையது. அந்தக் கட்டடக்காரர் பள்ளி நிர்வாகத்துக்கே உறவாக, அல்லது பக்கத்து அறை அறக்கட்டளையாக இருந்தால்? இடது கை வாடகை கேட்கும், வலது கை அரசுப் பணத்தை எடுத்து நீட்டும். அதனால்தான் புதுக் குத்தகை என்றால் வாடகை சந்தை நிலவரத்தைத் தாண்டக்கூடாது, சார்பில்லாத மதிப்பீட்டாளரின் சான்று வேண்டும் என்கிறது விதி. பழைய குத்தகையில் உயர்வும் விலைவாசி அளவுக்கு மேல் கணக்கில் சேராது. இதைக் கெடுபிடி என்று பள்ளிகள் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். நான் இன்னும் கொஞ்சம் கெடுபிடி வேண்டும் என்பேன்.

மின்னசோட்டாவில் வேறு மாதிரி. அங்கே வாடகையில் 90 சதவீதம் அல்லது தலைக்கு 1,314 டாலர், எது குறைவோ அது. ஆனால் அரசுப் பணத்தில் பள்ளி நேரடியாகக் கட்டடம் வாங்க முடியாது. தனியாக ஒரு லாப நோக்கமற்ற நிறுவனம் கட்டடத்தை வாங்கி, பள்ளிக்கே வாடகைக்கு விடும். நியூயார்க் நகரத்தில் 2014இல் வந்த சட்டப்படி, புதிதாகத் தொடங்கும் சார்ட்டர் பள்ளிக்கு நகரம் இடம் தர வேண்டும், இல்லையென்றால் வாடகைக்கு உதவ வேண்டும்.

அப்புறம், நான் சொன்ன அந்தத் தேவாலயப் பள்ளி. உதவிப் பணம் ஆரம்ப வருடங்களில் வாடகை கட்டிய பிறகே வந்துகொண்டிருந்தது, பிற்பாடுதான் அதே வருடத்தில் தவணையாகத் தரத் தொடங்கினார்கள். நான் இருந்த வருடம் தவணை தள்ளிப்போய், முதல்வர் தேவாலயப் பொருளாளரிடம் போய் இரண்டு மாதம் பொறுக்கச் சொன்னார். அவர் பொறுத்தார், ஒரு நிபந்தனையோடு. ஈஸ்டர் வாரத்தில் கூடம் ஐந்து நாளும் அவர்களுக்கு வேண்டும் என்றார். அந்த வாரம் நான்காம் வகுப்பு வாகன நிறுத்துமிடத்தில், துணிக் கூடாரத்துக்கு அடியில் நடந்தது.

வணக்கம்.