சாஸ்தா கோயிலுக்கு வரும்போது ஒரு ஃபைலும் கொண்டுவாருங்கள்

பெரியவர்களே, தாய்மார்களே, பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்துவிட்டு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நாளை பங்குனி உத்திரம். சென்னை, மும்பை, திருப்பூர் என்று எங்கெங்கோ இருந்து நம் சனம் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்கு வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. தாத்தா, பெரியப்பா, சித்தி, அத்தை என்று வகையறா முழுக்க ஒரே இடத்தில் கூடுவது இந்த ஒரு நாளில்தான். பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு இந்தக் கூட்டம் எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லத்தான் இந்த மேடையில் நிற்கிறோம்.

2025ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். மார்ச் 25இல் பரீட்சை முடிந்தது. ஏப்ரல் 11 பங்குனி உத்திரம். மே 7இல் பொறியியல் கவுன்சலிங் பதிவு தொடங்கியது, மறுநாளே ரிசல்ட். பரீட்சை முடிந்ததற்கும் ரிசல்ட்டுக்கும் நடுவில் 44 நாள். ‘ரிசல்ட் வரட்டும், பார்த்துக்கலாம்’ என்று அந்த 44 நாளையும் விட்டவர்கள்தான் மே மாதம் இ-சேவை மையத்து வாசலில் வரிசையில் நின்றார்கள்.

ரிசல்ட்டுக்கும் சான்றிதழுக்கும் சம்பந்தமே இல்லை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கிறவருக்குக் கட்டணச் சலுகை தருகிற முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றையும் இப்போதே வாங்கிவிடலாம். இ-சேவையில் ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய். விண்ணப்பம் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் அலுவலகம் என்று படியேறி வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரே விண்ணப்பம் போடுகிற மே மாதத்தில் அது இன்னும் இழுக்கும்.

முதல் தலைமுறைப் பட்டதாரி விண்ணப்பத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அப்பா, அம்மா என்ன படித்தார்கள் என்பதோடு அது நிற்காது. அப்பாவைப் பெற்ற தாத்தா, ஆச்சி, அம்மாவைப் பெற்ற தாத்தா, ஆச்சி, கூடப்பிறந்தவர்கள் என்று ஒவ்வொருவர் படிப்பையும் கேட்கும். எத்தனை பிள்ளைகளுக்குத் தாத்தாவின் முழுப்பெயர் தெரியும்? எத்தனை பேருக்கு அவர் எந்தப் பள்ளியில் எத்தனாவது வரை படித்தார் என்று தெரியும்? அதைச் சொல்ல வேண்டியவர் நாளைக்கு இதே ஆலமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள். ‘அஞ்சாப்போடு மாடு மேய்க்கப் போயிட்டேன்’ என்று அவர் சொல்வதை எழுதும்போது, அந்தச் சான்றிதழ் யார் விட்ட படிப்புக்காகக் கிடைக்கிறது என்று உங்களுக்கே புரியும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்திருந்தால் உங்களுக்குக் கிடையாது. அதை மறைத்து எழுதாதீர்கள்.

அடுத்தது பெயர். வேலை அதிகம் கெடுவது இங்கேதான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ‘கார்த்திக் மா’ என்று இருக்கும். ஆதாரில் ‘மாடசாமி கார்த்திக்’. ரேஷன் கார்டில் அப்பா பெயரே ‘மாடன்’. மூன்றும் ஒரே வீடு என்று நமக்குத் தெரியும், சரிபார்க்கிறவருக்குத் தெரியாது. விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை ஆதாரமாக வைத்துக்கொண்டு ஆதாரையும் ரேஷன் கார்டையும் அதற்கு ஏற்றபடி திருத்துங்கள். மார்க் ஷீட்டைத் திருத்துவது பெரிய பாடு. பதிவுக்குக் கொடுக்கும் செல்போன் எண் உங்கள் வீட்டு எண்ணாகவே இருக்கட்டும். பிரவுசிங் சென்டர்க்காரர் எண்ணைக் கொடுத்தால், இட ஒதுக்கீட்டை உறுதி செய்யும் நாளில் ஓடிபி அவருக்குப் போகும். அன்றைக்கு அவர் கடையைப் பூட்டிவிட்டுக் கோயில் கொடைக்குப் போயிருப்பார்.

பொறியியல் ரேங்க்குக்கான கட்ஆஃப் மார்க் கணக்கு எளிதுதான். கணிதம் முழுசாக 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப்பாதி, மொத்தம் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 என்றால் 92, 42, 44 சேர்த்து 178. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீதத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கும். அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது. பள்ளி மாறிய பிள்ளைகள் ஒவ்வொரு பள்ளித் தலைமையாசிரியரிடமும் படித்ததற்கான சான்று வாங்க வேண்டும். பள்ளி லீவு விட்டுப் பூட்டுவதற்குள் போய்விடுங்கள்.

வேண்டிய கல்லூரியையும் பாடப்பிரிவையும் பட்டியல் போடுகிற சாய்ஸ் ஃபில்லிங்கில் வரிசைதான் உயிர். கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும், உங்கள் ரேங்க்குக்கு எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். ‘கிடைக்காது’ என்று நினைத்து ஆசைப்பட்டதைக் கீழே போட்டால், மேலே போட்ட சுமாரான கல்லூரி கிடைத்து ஆட்டம் முடிந்துவிடும். ஆசைப்பட்டதை மேலேயே போடுங்கள், அதனால் நஷ்டமே கிடையாது. கல்லூரிப் பெயரைப் பார்த்துப் போடாதீர்கள், ஒரே மாதிரிப் பெயர்கள் நிறைய. கல்லூரியின் கோடு எண்ணைப் பாருங்கள். ஒரு நோட்டில் கோடு எண், பாடப்பிரிவு, வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர், பஸ்ஸா ஹாஸ்டலா என்று இப்போதே நாலு பத்தி போட்டு எழுத ஆரம்பியுங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் ஏற்பதா, மேலே உள்ளதற்குக் காத்திருப்பதா என்று முடிவுசெய்ய இரண்டே நாள்தான். அந்த இரண்டு நாளில் வீட்டில் சண்டை போட நேரம் இருக்காது.

அந்தப் பேச்சை இங்கேயே பேசிவிடுங்கள். பெரியப்பா மகன் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் இருக்கிறார், அத்தை மகள் நர்சிங் முடித்து வேலை பார்க்கிறாள். அவர்களிடம் சம்பளத்தை மட்டும் கேட்காமல், ஒரு நாள் காலையிலிருந்து ராத்திரி வரை என்ன வேலை என்று கேளுங்கள். பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘எத்தனை மார்க் வரும்?’ என்று பந்தியில் வைத்துக் கேட்காதீர்கள். பிள்ளைக்கு இலையில் சோறு இறங்காது.

சாஸ்தாவிடம் என்ன கேட்பது? மார்க்குக்கு மொட்டை நேர்வதை நாங்கள் தடுக்கவில்லை, அது உங்கள் வீட்டு நேர்ச்சை. ஆனால் எழுதிய பேப்பர் எழுதியதுதான். எல்லை காக்கிற சாமியிடம் கேட்க வேண்டியது, எந்த ரிசல்ட் வந்தாலும் நிலைகுலையாமல் நிற்கிற மனசை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்த் திருநீறு பூசிவிடும்போது, ‘எவ்வளவு எடுத்தாலும் நீ நம்ம வீட்டுப் பிள்ளை’ என்று அப்பா வாய்விட்டுச் சொல்லுங்கள். பல வீடுகளில் அது மனசுக்குள்ளேயே இருந்துவிடுகிறது. பிள்ளைக்குக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. ஏப்ரலிலேயே வீட்டுக்கு வந்து ‘சீட் போட்டு வைக்கிறோம்’ என்று அட்வான்ஸ் கேட்கிற ஏஜென்டுகளிடம் ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுக்காதீர்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் முதல் தலைமுறைச் சலுகையும் போய்விடும், 7.5 சதவீதமும் போய்விடும்.

நாளைக் காலை பொங்கல் பானை இறக்கியதும் ஆலமரத்துக்குக் கிழக்கே மேஜை போட்டு உட்கார்ந்திருப்போம். ஆதார், ரேஷன் கார்டு, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் நான்கையும் ஒரு ஃபைலில் போட்டு எடுத்து வாருங்கள். தாத்தாவையும் கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள்.